மேல் பஞ்சமம்

ஒன்றரைக் கட்டையில் ஓடுகிறது கைபேசிச் சுருதி.
மேல் ஷட்ஜம் வரை எனக்கு ரோடு உண்டு.
அதற்கப்புறம்
ஒன்று கத்தல்,
இல்லையென்றால் கள்ளக்குரல்.

பஞ்சமத்துக்கு நான் போவது
சுவரேறிக் குதிக்கிறவன் போவதுபோல்.
தாடை முன்னால், தோள் காதுக்குப் பக்கத்தில்,
கழுத்து நரம்பு இரண்டும் கொடிக்கயிறு.
வைகாசி விசாகத்துக்கு விருத்தம் பாடியபோது
முன்வரிசையில் ஒரு பிள்ளை
தன் தொண்டையைத் தானே பிடித்துக்கொண்டது.

நாகர்கோவில் டாக்டர்
மூக்கு வழியே குழாய் விட்டுத் திரையில் காட்டினார்:
வெள்ளை நாடா இரண்டு, ஓரம் சிவந்து,
சண்டை போட்டுத் திரும்பிப் படுத்த
புருஷன் பெண்டாட்டி மாதிரி.
"பதினைந்து நாள் பேசப்படாது" என்றார்.
"ரகசியமும் கூடாது. அது இன்னும் மோசம்."

அந்தப் பதினைந்து நாளும்
ஆரல்வாய்மொழியில் காற்றுதான் பேசியது.
நான் காற்றாலை மெக்கானிக்.
இரும்புக் குழாய்க்குள் எண்பது மீட்டர் ஏணி.
காற்று மீறினால் இறகு மூன்றும்
எதிர்த்து நிற்காது,
மெல்லத் திரும்பி விளிம்பைக் காட்டும்.
பத்து வருடமாக அதற்குக் கிரீஸ் வைக்கிறேன்.
ஒருநாளும் பாட்டோடு சேர்த்து யோசித்ததில்லை.

பேச்சில்லாதவனுக்குத் தூக்கமும் வரவில்லை.
பிச்சிப்பூ மூட்டை தூக்க
பத்மகுமாரியோடு தோவாளைச் சந்தைக்குப் போனேன்.
மூன்று மணிக்குத் தொடங்குகிறாள்:
"பிச்சி எண்ணூறே... எண்ணூறே..."
லாரி ஹார்ன், கேரளா வியாபாரி, ஐஸ் உடைக்கிற சத்தம்
எல்லாவற்றுக்கும் மேலே
அந்த "றே" மட்டும் போய்
தகரக் கூரையில் உட்காருகிறது.
ஒரு நரம்பு புடைக்கவில்லை.
தூங்குகிற பிள்ளையின் தாடை.
ஏழு மணிக்கு டீ கேட்கிறாள்
அதே குரலில், ஒரு கீறல் இல்லாமல்.
பன்னிரண்டு வருடம் ஒரே வீட்டில் இருந்து
இந்தத் தொண்டையை நான் பார்த்ததில்லை.

சிட்டையின் பின்பக்கம் எழுதிக் காட்டினேன்:
வலிக்காமல் எப்படிக் கத்துகிறாய்?
"நான் எங்க கத்துகேன்?
கூப்பிடுகேன்லா.
அந்தக் கடைசியில நிக்கான் பாரும்,
சத்தம் அவனுக்கு உள்ளது.
உமக்குத் தொண்டையிலயே நிக்கு யாவாரம்."

அவள் முதுகில் கை வைத்துப் பார்த்தேன்.
விலா இரண்டு பக்கமும் குடையாக விரிந்து
எண்ணூறு முடியும்வரை
மடங்காமல் நின்றது.
சந்தை முழுக்கப் பார்த்தது.
கையைத் தட்டிவிட்டாள்.

பதினாறாம் நாள் கொட்டாவியில் தொடங்கினேன்.
பிள்ளைகள் பஸ் ஓட்டுவதுபோல்
உதட்டைப் புர்ரென்று அதிரவிட்டு
மேலே போய்க் கீழே வந்தேன்.
"ஆ" என்று வாயைப் பிளந்தால் உடைகிறது,
கொஞ்சம் குவித்தால் இடம் கிடைக்கிறது.
சில நாள் கிடைக்கிறது.
சில நாள் தவளை.

ஆடி பிறந்து அம்மி பறக்கிற வாரத்தில்
காற்று சற்று மூச்சுவாங்கிய ஒரு செவ்வாய்.
நான் உச்சியில்.
கிரீஸ் டப்பாவை ஜீப்பிலேயே விட்டுவிட்டுக்
கீழே தாணுலிங்கம்.
வாக்கிடாக்கி செத்துக் கிடந்தது.
ஏணிக் குழிக்குள் தலையை விட்டுக் கூப்பிட்டேன்:
"தாணூ..."

எண்பது மீட்டர் இரும்பும் அதை வாங்கிக்கொண்டது.
எங்கும் இழுக்கவில்லை, எங்கும் உரசவில்லை.
கள்ளக்குரல் இல்லை.
என் குரல்தான், நெஞ்செலும்பு அதிர.
கை நடுங்கப் போனில் சுருதியை வைத்தேன்.
பஞ்சமம்.
மயிரிழை கீழே,
பொய் சொல்லவேண்டாம்.

மறுபடி வருமா என்று
மறுபடி கூப்பிட்டேன். தாணூ. தாணூ.
மூன்றாவதில் தாடை முன்னால் வந்துவிட்டது.
நிறுத்தினேன்.

வெகுநேரம் கழித்துக் கீழிருந்து,
கிணற்றுக்குள் யாரோ பேசுவதுபோல்:
"கேக்கு வே! ஒருக்கா விளிச்சா போதும்.
என்னத்துக்குப் பாடுகேரு?"